அனுமதியின்றி ஈயம் சேமித்தவர்கள்

மண்வளத் தூய்மைக் காப்பு வாரியத்தின் பொன்னேரி அலுவலகத்தில் யாரும் வேலை செய்வதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. இது வீண் பழி. காலை பத்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள், பதினேழு பேரும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் சும்மா இருந்திருந்தால் நான் சொல்லப் போகிற கேட்டில் பாதி நடந்திருக்காது. இதைக் கோபமில்லாமல் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

பழவேற்காடு ஏரிக்கரையில் கீரிமேட்டுக்குப்பம் என்று ஓர் ஊர். நாற்பத்திரண்டு வீடு, ஒரு கோயில், ஒரே ஒரு அடிபம்பு. அங்கே கருவாடு போட்டுப் பிழைப்பவள் இருசம்மாள். ஏரியில் மீன் குறைந்துபோய்விட்டது, முகத்துவாரத்தைத் தூர்வாரிக் கொடுங்கள் என்று குப்பத்துக்காரர்கள் ஆறு வருடம் மனு கொடுத்தார்கள். ஆறாவது வருடம் அரசாங்கம் மனமிரங்கி, மீனவப் பெண்களுக்கு மாற்று வாழ்வாதாரமாக மண்புழு கொடுத்தது. யாருக்கு இந்த யோசனை தோன்றியதென்று தெரியவில்லை. தோன்றியவர் இப்போது இன்னும் பெரிய பதவியில் இருப்பார்.

ஒரு சிமெண்டுத் தொட்டி, இரண்டு கிலோ புழு, மூன்று நாள் பயிற்சி. கருவாட்டு நாற்றத்துக்கு அசராத இருசம்மாள் முதல் நாள் புழுவைக் கண்டு மூக்கைச் சுளித்தாள். பத்தே நாளில் அவளுக்கு அதுகளைப் பிடித்துப் போய்விட்டது. சாணமும் வாழைமட்டையும் போட்டு, நனைத்த சாக்கால் மூடி, அடிபம்புத் தண்ணீர் தெளித்து வளர்த்தாள். டீத்தூள் போல உரம் வந்தது. நெல் போடுகிற உட்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து மூட்டை மூட்டையாக வாங்கிப் போனார்கள். "எங்க வூட்டுல தெனம் ஆயிரம் பேரு சாப்டறாங்கோ" என்று பக்கத்து வீட்டுத் தேவகியிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

இரண்டாவது வருடம் மாசியில் புழுக்களின் நடத்தை மாறியது. தண்ணீர் தெளித்தால் உள்ளே இறங்க வேண்டியவை, பட்டப்பகலில் தொட்டிச் சுவரில் ஏறித் தப்பிக்கப் பார்த்தன. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி இருசம்மாள் ஒன்றை எடுத்துக் கழுத்துப் பட்டையைப் பார்த்தாள்; முட்டையிடுகிற புழுவுக்கு இருக்க வேண்டிய தடிப்பே இல்லை. கைப்பிடி உரத்துக்குப் பத்து முட்டைக்கூடு கிடந்த தொட்டியில் தேடித் தேடி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. புழுக்கள் இளைத்து நூலாகி, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் கிடந்தன.

குப்பத்துக்கு அரை மைல் மேலே, ஏரியில் வந்து சேரும் ஓடையின் கரையில், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலை ஒன்று அதற்கு முந்திய வருடம்தான் வந்திருந்தது. அதன் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் மானநஷ்ட வழக்குப் போடுவார்கள். அவர்களுக்கு மானம் இருப்பதாக நீதிமன்றம் முடிவு செய்துவிட்டால் வம்பு.

லைட்ஹவுஸ் குப்பத்தில் கட்டிக்கொடுத்த மகள் மாலா, நாலு மாத வயிற்றோடு, வாந்தி தாங்காமல் சித்திரையில் தாய் வீட்டுக்கு வந்தாள். பம்புத் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"யம்மா, இன்னா தண்ணி இது, தகரத்த நக்குன மாதிரி கீது."

இருசம்மாள் தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். புழுவுக்குத் தெளிக்கிற தண்ணீரைத்தான் மகளும் குடிக்கிறாள். கையில் காசு இருந்த நாளெல்லாம் கேன் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். அது குடிக்க மட்டும். சோறு வடிக்க, டீ போட, கேன் தீர்ந்த நாளில் குடிக்கவும், பம்புதான். தண்ணீர் லாரி கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள். பம்புத் தண்ணீர் கெட்டது என்று வாரியம் எழுதிக் கொடுத்தால் மறுநாளே லாரி அனுப்புகிறோம் என்றார்கள். ஆக, இருசம்மாளுக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று வட்ட முத்திரை குத்திய ஒரு காகிதம்.

ஐஸ்கிரீம் டப்பாவில் பத்துப் பன்னிரண்டு புழுவை எடுத்துக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறினாள்.

வாரியத்தில் மனு வாங்குகிறவர் வேணு என்ற எழுத்தர். டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

"பாதிக்கப்பட்டவர் யாரு?"

"நாங்கதான் சார், குப்பத்துக்காரங்கோ."

"உனக்கு இன்னா ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆவல சார். ஆயிடுமோன்னு பயமா கீது."

"பயத்துக்கெல்லாம் மனு வாங்க மாட்டோம்மா. ஆனவங்கதான் மனு குடுக்கணும். யாருக்கு ஆயிருக்கு?"

"இதுங்களுக்குத்தான்."

"அப்ப புழுதான் மனுதாரர்" என்று வேணு படிவத்தை எடுத்தார். அவர் கிண்டல் செய்யவில்லை. முப்பது வருட சர்வீசில் அவர் ஒருமுறைகூடக் கிண்டல் செய்ததில்லை. "தகப்பனார் பேரு?"

"அதுல ஆம்பள பொம்பள எல்லாம் ஒண்ணுதான் சார்னு டிரெய்னிங்ல சொன்னாங்கோ."

'பெற்றோர் இருவரும் ஒருவரே' என்று வேணு எழுதினார். விலாசம், தொட்டி எண் ஒன்று. தொழில், உரம். கையெழுத்துக்கு வந்தபோது, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ரேகை வைக்க வேண்டும் என்ற விதி நினைவுக்கு வந்து, ஒரு புழுவை எடுத்து மைப்பெட்டியில் வைத்துப் படிவத்தின் மேல் விட்டார். அது நீலக் கோடு ஒன்று இழுத்துக்கொண்டு பாதி தூரம் போய் நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை.

வேணு பேனாவை மூடினார். "மனுதாரர் எறந்துட்டாரு. இனிமே வாரிசுதான் மனு போட முடியும். தாசில்தார் ஆபீசுல வாரிசுச் சான்றிதழ் வாங்கினு வா."

இருசம்மாள் டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்து மேசையில் வைத்தாள். "இதுவும் அதும் ஒரே தொட்டி சார். ஒரே வயித்துல பொறந்ததுங்கோ." வேணு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சாயல் இருந்ததால் ஒப்புக்கொண்டார்.

மனு உதவிப் பொறியாளர் சிவசங்கரின் மேசைக்குப் போனது. சிவசங்கர் சுத்தமான சட்டை போடுகிறவர். படித்தவர். வெளிநாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் மண்புழுவைப் பற்றிக் கட்டுரைகூட வாசித்திருக்கிறார். உயிருள்ள மண்புழுவை அன்றைக்குத்தான் பார்த்தார்.

"பாருங்கம்மா, நீங்க மீன்காரங்க. கருவாடு போடறவங்க. உப்புக் கையோட தொட்டிருப்பீங்க. மண்புழுவுக்கு உப்பு ஆகாது. இது தற்கொலைக்குத் தூண்டுன மாதிரி. உங்க மேலயே நடவடிக்கை எடுக்கலாம். போனாப் போவுதுன்னு விடறேன்."

"உப்பு பட்டா புழு ஒரு நாழில செத்துப்பூடும் சார். இது மூணு மாசமா சாவுது."

சிவசங்கருக்குப் பதில் தெரியாத கேள்விகள் பிடிப்பதில்லை. ஆய்வுக்குத் தேதி கொடுத்தார். வாரியத்தின் வெளிப்படைத் தன்மையை முன்னிட்டு, என்றைக்கு வருகிறோம், எத்தனை மணிக்கு வருகிறோம், எந்தப் பக்கமிருந்து வருகிறோம் என்பதை மூன்று வாரம் முன்னதாகவே ஆலைக்கு எழுதித் தெரிவித்தார்கள். அந்த நாளில் ஆலையில் ஆயுத பூஜை நடந்தது. வைகாசி மாதத்தில் ஆயுத பூஜை கொண்டாடிய இடம் தமிழ்நாட்டிலேயே அது ஒன்றுதான். உலை அணைந்திருந்தது, ஓடையை ஒட்டிய சுவருக்குப் புது வெள்ளையடித்து மாவிலை கட்டியிருந்தார்கள். அதிகாரிகள் சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் குப்பத்துக்கு வந்தார்கள்.

தொட்டியிலிருந்து மண்ணையும் புழுவையும் தனித்தனியாக எடுத்தார்கள். பம்புத் தண்ணீரைப் புட்டியில் பிடித்தார்கள். அப்போதுதான் சிவசங்கர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். இந்தக் கதையின் சனியன் அங்கேதான் பிடித்தது.

"இந்தப் பம்பு யாரோடது?"

"இன்னிக்கி தேவகியோடது சார்" என்றாள் இருசம்மாள்.

பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவன் பாட்டில் இன்னொருவன் வலை இறக்கினால் ஊர் சும்மா விடாது. வெயில் காலத்தில் பம்பில் தண்ணீர் இறங்கிப் போகும்போது கீரிமேட்டுக்குப்பத்தார் பம்புக்கும் பாடு வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு வீடு. அன்றைய பாட்டுக்காரிதான் பம்பின் கைப்பிடியை வைத்திருப்பாள், யாருக்கு எத்தனை குடம் என்று சொல்லுவாள். மறுநாள் கைப்பிடி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பம்பு யாருடையது என்று கேட்டால் இவர்களுக்குத் தெரிந்த பதில் அதுதான்.

சிவசங்கர், 'அடிபம்பு, உரிமையாளர் தேவகி' என்று எழுதிக்கொண்டார். மறுநாள் மாதிரி எடுக்க ஆள் வந்தான். "இன்னிக்கி பவுனம்மாளோடது" என்றார்கள். 'அடிபம்பு இரண்டு, உரிமையாளர் பவுனம்மாள்' என்று எழுதினான். தொடர்ந்து நாற்பத்திரண்டு நாள் மாதிரி எடுக்க வேண்டும் என்று விதியில் எங்கோ இருந்தது. ஆனி முடிவதற்குள் வாரியத்தின் கோப்பில் கீரிமேட்டுக்குப்பத்துக்கு நாற்பத்திரண்டு அடிபம்புகள் இருந்தன. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து, தமிழகக் கடலோரத்திலேயே அதிகக் குடிநீர் வசதியுள்ள குப்பம் என்று பாராட்டுக் கடிதம் வந்தது.

அறிக்கை வந்ததும் இருசம்மாள் ஓடினாள். வேணு படித்துக் காட்டினார். "லிட்டருக்கு பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒண்ணு மில்லிகிராம் ஈயம். அனுமதிக்கப்பட்ட அளவு, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒண்ணு. கரெக்டா கீது பாரு. ஒரு இம்மி கூட இல்ல."

"அப்ப நல்ல தண்ணியா சார்?"

"நல்ல தண்ணின்னு சொல்ல மாட்டோம். கெட்ட தண்ணின்னும் சொல்ல மாட்டோம். அளவுக்குள்ள கீதுன்னு சொல்லுவோம்."

"எப்டி சார் அவ்ளோ கரெக்டா வந்துது?"

வேணு வெள்ளந்தியான மனிதர். மறைக்கத் தெரியாது. "வந்தது ஒரு கணக்கும்மா. நாப்பத்திரண்டு பம்பு இல்ல? பங்கு போட்டோம்."

"பங்கு போடறதுக்கு முன்னாடி எவ்ளோ சார் இருந்துது?"

"அது உள் ஆவணம். வெளிய காட்டக் கூடாது."

குப்பத்தில் இருப்பது ஒரே பம்பு என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கோப்பில் நாற்பத்திரண்டு உரிமையாளர்களின் பெயரும் இருக்கிறது, அதில் இருபத்தேழாவது நீயே என்று வேணு காட்டினார். மாலாவுக்கு அப்போது ஏழாவது மாதம்.

வளைகாப்பு நடந்த மறுநாள் இரண்டு ஜீப் வந்தது. தலை முதல் கால் வரை வெள்ளை உடை, கண்ணாடி, மூக்கு உறை என்று ஆறு பேர் இறங்கினார்கள். சந்திரனுக்குப் போகிறவர்கள் வழி தப்பி வந்துவிட்டார்களோ என்று தேவகி நினைத்தாள். தொட்டியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். சிவசங்கரும் அதே உடையில் தூரத்தில் நின்றபடி ஒரு நோட்டீசை வாசித்து விளக்கினார்.

"தொட்டி மண்ணுல ஈயம் கொஞ்சமாத்தான் இருக்கு. புழுவோட உடம்புல பல மடங்கு இருக்கு. இதுலேருந்து என்ன தெரியுது? மண்புழு மண்ணுல இருக்கற ஈயத்த எடுத்து உடம்புல சேத்து வைக்குது. விஞ்ஞானப்படி உண்மை. ஆக, இங்க ஈயம் வச்சிருக்கறது யாரு? புழு. புழு யாரோடது? உங்களோடது. அபாயகரமான கழிவை அனுமதியில்லாம சேமிச்சு வச்ச குற்றத்துக்கு இந்தத் தொட்டிக்கு சீல் வைக்கிறோம்."

"சார், அதுங்களா எங்கனா போயி வாங்கினு வந்துது? தண்ணில வந்துது சார்."

"தண்ணி அளவுக்குள்ள இருக்குன்னு அறிக்கை இருக்கேம்மா."

மீதமிருந்த புழுக்களை இடுக்கியால் எடுத்து இரும்புப் பெட்டியில் போட்டார்கள். நானூறுக்குக் கொஞ்சம் அதிகம் தேறியது. ஈயக் கழிவைக் கையாள அந்த வட்டாரத்தில் உரிமம் பெற்ற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெட்டியை அங்கே அனுப்பினார்கள். அது அந்த பேட்டரி ஆலைதான். புழுக்களைப் பாதுகாப்பான முறையில் உலையில் போட்டு ஒழித்ததற்காக ஆலைக்கு 'மண்ணின் தோழன்' என்று விருது தரவும் வாரியம் முடிவு செய்தது.

இருசம்மாள் அன்று சாப்பிடவில்லை. புழுவுக்காக அழுகிறாளே என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். தேவகி சிரிக்கவில்லை. அவள் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருந்தன.

விருது விழா ஆலை வாசலில் பந்தல் போட்டு நடந்தது. கூட்டம் சேர்க்க மருத்துவ முகாம் வைத்திருந்தார்கள். கர்ப்பிணிகளுக்கு ரத்தப் பரிசோதனை இலவசம். குப்பத்திலிருந்து வேனில் அழைத்துப் போனார்கள். மாலாவிடமும் ரத்தம் எடுத்து, ஒரு மாமரக் கன்றும் கொடுத்து உட்கார வைத்தார்கள். சிவசங்கர் அரை மணி நேரம் பேசினார்.

"மாசைக் கட்டுப்படுத்த வாரியம் என்ன செய்தது என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆலையிலிருந்து வரும் மாசைக் கட்டுப்படுத்துவது எளிது. ஒரு பூட்டு போதும். ஆனால் மாசு இருக்கிறது என்ற செய்தியைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு சிரமம் என்று எங்களுக்குத்தான் தெரியும்! இரவு பகலாக உழைக்கிறோம். ஒரு வருடத்தில் எண்ணூறு மாதிரிகளைப் பரிசோதித்திருக்கிறோம். ஒன்றின் முடிவாவது வெளியே வந்திருக்கிறதா? இதுதான் எங்கள் நிர்வாகத் திறன். ஆலை இல்லாவிட்டால் மாசு இல்லை, மாசு இல்லாவிட்டால் வாரியம் இல்லை, வாரியம் இல்லாவிட்டால் உங்களைக் காப்பாற்றுவது யார்?"

கைதட்டினார்கள். இருசம்மாளும் தட்டினாள். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது கை தானாகத் தட்டிவிடுகிறது.

மூன்று வாரம் கழித்து மாலா பெயருக்குப் பதிவுத் தபால் வந்தது. ரத்தப் பரிசோதனை முடிவு மாலாவுக்கு வரவில்லை. அது நேராக வாரியத்துக்குப் போயிருந்தது. வாரியம் அதைப் படித்து, புழுவின் வழக்கில் தான் கண்டுபிடித்த விதியை மறக்காமல் பொருத்திப் பார்த்திருந்தது. தேவகியின் மகன் வாசித்தான்:

'தாங்கள் கீரிமேட்டுக்குப்பத்திலுள்ள அடிபம்பு நீரிலிருந்து ஈயத்தைத் தொடர்ந்து எடுத்து, உரிய அனுமதியின்றித் தங்கள் உடலில் சேமித்து வந்துள்ளமை ரத்தப் பரிசோதனையில் ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளது. மேலும், தங்கள் வயிற்றில் இரண்டாவது சேமிப்பு அலகு ஒன்று முன் அனுமதியின்றி அமைக்கப்பட்டு வருவதாகவும் தெரியவருகிறது. தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கு நேரில் விளக்கம் அளிக்கவும்.'

"சேமிப்பு அலகுன்னா இன்னாடா?" என்று மாலா கேட்டாள்.

பையன் அவள் வயிற்றைப் பார்த்தான். அவள் அதைக் கையால் மூடிக்கொண்டாள். இருசம்மாளின் புருஷன் சின்னதம்பி, ஊரில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத மனுஷன், அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காத, மாலா நைனா!" என்று இருசம்மாள் அவன் கையைப் பிடித்தாள். "டேய், மொத வரிய இன்னொரு தபா படிடா."

பையன் படித்தான். அடிபம்பு நீரிலிருந்து ஈயத்தை எடுத்து. இருசம்மாள் நாலு முறை படிக்கச் சொன்னாள்.

விசாரணைக்கு இருசம்மாளும் தேவகியும் மாலாவை நடுவில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் போனார்கள். மாலாவுக்கு ஒன்பதாம் மாதம், கால் வீங்கியிருந்தது. நாற்காலி அதிகாரிகளுக்கு மட்டும் என்பதால் அவள் சுவரைப் பிடித்து நின்றாள். இந்த அதிகாரிகளைக் கண்டால் இருசம்மாளுக்கு இன்னும் பயம்தான். ஆனால் ஆறு மாதத்தில் அவர்களைப் பற்றி ஒன்று தெரிந்துகொண்டிருந்தாள்: குற்றம் யார் மேலாவது சாட்டக் கிடைத்தால் அவர்கள் எதையும் நிரூபித்துவிடுவார்கள்.

"இது பொய் நோட்டீசு சார்" என்றாள். "தண்ணில ஈயம் அளவுக்குள்ளதான் கீதுன்னு நீங்கதான எழுதினீங்கோ? அப்பறம் எம் பொண்ணு ஒடம்புல எப்டி வரும்?"

வாரியத்தின் நோட்டீசைப் பொய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சிவசங்கருக்கு முகம் சிவந்தது. "வாரியம் பொய் சொல்லாதும்மா! அந்தப் பொண்ணு எந்தப் பம்புல தண்ணி எடுத்தது?"

"எல்லாத்துலயும்தான் சார்."

"நாற்பத்திரண்டிலுமா?"

"ஒரு நாளைக்கு ஒரு வூட்டுப் பாடு. தேவகி பாட்டுலயும் எடுத்துது, பவுனம்மா பாட்டுலயும் எடுத்துது. ஒரு நாளு வுட்டதில்ல. சோறு, டீ எல்லாம் அதுலதான்."

சிவசங்கர் கால்குலேட்டரை இழுத்தார். அவர் கண்ணில் வெற்றிக் களை வந்துவிட்டது. "பம்புக்குப் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்று. நாற்பத்திரண்டு பம்பு. பெருக்கினால் பூஜ்யம் புள்ளி நாற்பத்திரண்டு! வேணு, எழுதுங்க. குற்றம் சாட்டப்பட்டவர் அருந்திய நீரில் ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் நாற்பத்திரண்டு மடங்கு இருந்தது. இதற்கு மேலே என்ன நிரூபணம் வேண்டும்?"

"நாப்பத்திரண்டு மடங்கா சார்? நான் நம்ப மாட்டேன்."

"ஆய்வகத்தில் முதலில் வந்த முடிவே அதுதான்! கோப்பை எடுங்க வேணு. அந்த எண்ணையும் ஆணையில் சேருங்க. பாருங்கம்மா, நல்லாப் பாருங்க!"

வேணுவின் பேனா ஒரு நொடி நின்றது. மேசைக்கு எதிரே சுவரைப் பிடித்து நிற்கிற பெண்ணை ஒருமுறை பார்த்தார். பிறகு எழுதினார். வட்ட முத்திரையை அழுத்தமாகக் குத்தினார். கேட்காமலே மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தார்.

அலுவலகத்திலிருந்து இருசம்மாள் நேராக ஒன்றிய அலுவலகத்துக்குப் போனாள். ஆணையைப் படித்தவர் தலையைச் சொறிந்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள் கீரிமேட்டுக்குப்பத்துக்குத் தண்ணீர் லாரி வந்தது. ஆணையின் இன்னொரு பிரதி எப்படியோ பத்திரிகைக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. அடிபம்பு நீரில் நாற்பத்திரண்டு மடங்கு ஈயம் கலந்தது யார் என்று கேட்டுச் சென்னையிலிருந்து போன்மேல் போன் வந்தது.

அந்த வாரமே சிவசங்கர் தனியாக வந்தார். வெள்ளை உடை இல்லை, மூக்கில் உறை இல்லை. லாரியைச் சுற்றிக் குடத்தோடு நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு இருசம்மாளிடம் வந்து கை கூப்பினார்.

"அம்மா, அந்த ஆணையில ஒரு சின்னச் சிக்கல்."

"தப்பா எழுதிட்டீங்களா சார்?"

"தப்பில்ல. எல்லாம் சரியா இருக்கு. அதான் சிக்கல்." குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. உங்ககிட்ட இருக்கற பிரதியக் குடுத்துடுங்கம்மா. உங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் இல்லன்னு நானே எழுதித் தரேன். தொட்டி சீல எடுத்துடறோம். புதுசா அஞ்சு கிலோ புழுவே தரச் சொல்றேன். எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறோம்."

இருசம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் சார் சார் என்று நடுங்கின வாய் அது. இப்போது நடுங்கவில்லை.

"வாபஸ் வாங்கிக்கோங்க சார். தாராளமா வாங்கிக்கோங்க. அதோ, வாசப்படில உக்காந்துனு கீறா பாருங்கோ. மொதல்ல அவ ரத்தத்துல கீறத வாபஸ் வாங்குங்கோ. அப்பறம் வயித்துல கீறதுக்கு. ரெண்டையும் வாங்கினதும் பேப்பர நானே ஆபீசாண்ட எடுத்துனு வந்து குடுக்கறேன்."

மாலா நிமிர்ந்து சிவசங்கரைப் பார்த்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

இருசம்மாள் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள். நல்ல தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் முந்தி வந்திருக்க வேண்டிய தண்ணீர் என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்கவில்லை. லாரிக்காரன் பார்க்கிறான் என்றுகூட நினைக்காமல் சத்தம் போட்டு அழுதாள்.